சூசைமுத்து கன்னத்துல ஓடுன எல்லைக்கோடு

அகரம் சூசைமுத்து, பூ மார்க்கெட்டுல கமிஷன் கடை பொன்னழகுவை அடிச்சதுக்கு முன்பகை ஒண்ணும் கெடையாது. மல்லிப்பூ நாறுச்சு. அம்புட்டுதான்.

விடியக்காலம் அவனும் அவன் பொண்டாட்டி இஞ்ஞாசியம்மாளும் கையால எடுத்த பூ. ஈரத்துணி போத்தி டூவீலர்ல வச்சு பதனமாக் கொண்டாந்தது. கடையில கொட்டுன ஒடனே செத்த எலி வாடை அடிக்குது. "யோவ், என் பூவை மறைச்சுட்டு அழுகலைக் கொட்டி வெலை கொறைக்கப் பாக்குறியா?"ன்னான் சூசைமுத்து. பொன்னழகு ஒரு கை அள்ளி மோந்து பாத்தாரு. "கமகமன்னுல்ல இருக்கு. ஏனப்பு, காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?"ன்னு சிரிச்சாரு.

அந்தச் சிரிப்புக்குத்தான் அடி. கூடையைத் தூக்கி அவரு தலையில கவுத்து, கூடைக்கு மேலேயே நாலு சாத்து சாத்துனான். பக்கத்துக் கடைக்காரங்க வந்து இவனை மெதிச்சாங்க. எல்லாம் ஓஞ்ச பெறகு செதறுன பூவைப் பொறுக்கக் குனிஞ்சான் பாருங்க, எடது கன்னத்துக்குள்ள அம்மிக்குழவி உருண்டாப்புல ஒரு வலி. எடது மூக்குல இருந்து மஞ்சளாக் கெட்டியா ஒண்ணு ஒழுகி மல்லிப்பூ மேலேயே விழுந்துச்சு. மெதிச்சவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்குனாங்க.

பொன்னழகு கூடையைக் கழட்டிட்டு சொன்னாரு. "பூ நாறல அப்பு. நீதான் நாறுற."

வீட்டுக்கு வந்ததும் இஞ்ஞாசியம்மா அவனைத் திண்ணையளவு தூரத்துல நிக்க வச்சே விசாரணை பண்ணுனா. "போன ஈஸ்டருக்கு நல்லி எலும்பைக் கடிச்சு ஒரு கடவாப்பல்லை ஒடச்சீங்களே, அதை என்ன பண்ணுனீங்க?"

"கிராம்பு வச்சேன்."

"எப்ப?"

"ஈஸ்டருக்கு."

"சேசுவே! அடுத்த ஈஸ்டரே வரப்போகுதே. உள்ள அழுகிக் கெடக்கு, வெளிய போய் ஊரானை அடிச்சிருக்கீங்க. ரெண்டு நாளா நான் ஆக்குன வெஞ்சனத்தைத் தள்ளி வச்சீங்களே, அதுவும் இந்த நாத்தந்தானா?"

தாடிக்கொம்புல ஜீவிதான்னு ஒரு பல் டாக்டர் பொண்ணு. படம் எடுத்துப் பாத்துட்டு வெவரமாச் சொல்லுச்சு. "அண்ணே, மேல் கடவாப்பல்லுக்கு மேல, கன்னத்துக்குள்ள, காத்து மட்டும் இருக்கற ஒரு காலி அறை இருக்கு. சைனஸ்ம்பாங்க. பல்லு வேருக்கும் அந்த அறைத் தரைக்கும் நடுவுல முட்டை ஓடு கனத்துக்குத்தான் எலும்பு. உங்க பல்லு அழுகி அந்த ஓட்டையும் அரிச்சிருச்சு. கீழ இருக்கற சீழு மாடியேறி மூக்கு வழியா வருது."

இத்தனை வயசுக்கு மேல தன் மூஞ்சிக்குள்ள ஒரு காலி ரூம் இருக்கறது சூசைமுத்துக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"வெறும் மூக்குக்கு மாத்திரை போட்டா அடங்காது. பல்லை மட்டும் எடுத்துட்டாலும் போதாது. பல் டாக்டரும் மூக்கு டாக்டரும் ஒண்ணா நின்னு பாக்கணும். தள்ளிப் போடாதீங்கண்ணே. அறைக்கு மேல்கூரைதான் கண்ணுக்குத் தரை. கண்ணுக்கு ஏறுச்சுன்னா பார்வை போயிரும்."

"ஒண்ணா நிக்கிறவுங்க எங்கம்மா இருக்காக?"

"பைபாஸ்ல முகமண்டல ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குள்ளதான் இருக்காங்க..."ன்னு அந்தப் பொண்ணு இழுத்துச்சு. ஏன் இழுத்துச்சுன்னு இவங்க கேட்டிருக்கணும். கேக்கல.

முகமண்டல ஆஸ்பத்திரி ஒரு டிரஸ்ட் கட்டுன பெரிய கட்டடம். வாசல் வளைவுல "ஒரே முகம், ஒரே குடும்பம்"னு எழுதியிருக்கும். அதுக்குக் கீழ குண்டாந்தடியோட ரெண்டு செட்டு வாட்ச்மேனுங்க. பச்சைச் சட்டை போட்டவன் பல் துறை, நீலச்சட்டை மூக்குத் துறை. உள்ள நீளமா ஒரு வராண்டா. அதுக்கு நட்டநடுவுல மஞ்சப் பெயின்ட்டுல ஒரு கோடு. எடது பக்கம் பல்லு, வலது பக்கம் மூக்கு. கோட்டு மேல யாரும் நடக்கப்படாது. நடந்தா ரெண்டு பக்கமும் அடிப்பாங்க.

ஏன் இந்தக் கோடுன்னா, முந்தி ஒரு காலத்துல வாயோட மேல் அண்ணம் பல்லுக்கா மூக்குக்கான்னு சண்டை வந்து, ஆபரேஷன் தியேட்டர்லயே கத்திரியால குத்திக்கிட்டாங்களாம். அதுக்கப்பறம்தான் அண்ணத்துக்குக் கீழ பல்லு, அண்ணத்துக்கு மேல மூக்குன்னு ஒரு ஒடம்படிக்கை போட்டாங்க. அந்தச் சண்டையில காது அறுந்தவருக்கு வருசா வருசம் மாலை போடுறாங்க. காதை ஒட்ட வைக்கல. அது எந்தத் துறைன்னு ஒடம்படிக்கையில இல்லையாம்.

பல் துறைத் தலைவர் டாக்டர் முகேஷ்குமார் நல்லா வாட்டசாட்டமான ஆளு. சூசைமுத்து வாயை ஒரு இரும்புக் கரண்டியால தாழ்ப்பாள் தொறக்கறாப்புல நெம்பித் தொறந்தாரு. பாத்ததும் மொகமெல்லாம் சிரிப்பு.

"அட! அருமையா அழுகியிருக்கு. இது எங்க பல்லு. சந்தேகமே இல்ல. ஏய், கொறடு எடு."

சூசைமுத்து மாதாவை நெனச்சுக் கண்ணை மூடிக்கிட்டான். கொறடு பல்லைத் தொட்டிருச்சு. அந்த நேரம் பாத்து டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. கொறடு கீழ விழுந்துச்சு.

"வேரு மேல போயிருக்கேய்யா!"

"ஆமாங்கய்யா, தாடிக்கொம்பு டாக்டரம்மாவும் அதான்..."

"எல்லை தாண்டியிருக்கு! என் பல்லோட வேரு அடுத்தவன் எடத்துல நிக்குது. நான் இதைப் பிடுங்குனா என்னாகும் தெரியுமா? மேல ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா அது மூக்குத் துறைக்குள்ள நான் நொழஞ்ச மாதிரி. அந்த மணிமாறன் என் கையை ஒடிப்பான். இந்தா பாரு, நோயாளிங்க வருவீங்க, போவீங்க, செத்தும் போவீங்க. நான் தப்பா சொல்லல, மனுசன்னா அப்படித்தான். ஆனா துறை நிக்கணும். பல்லு போனா பொய்ப்பல்லு வைக்கலாம். துறை போனா பொய்த் துறை வைக்க முடியுமா?"

"முடியாதுங்கய்யா. எனக்குக் கண்ணு..."

"அய்யனாரு! இந்தாளைக் கை மாத்திவிடு."

அய்யனார்ங்கறது பல் துறை அட்டெண்டர். மீசையும் ஆளும் பேருக்குத் தக்கன. கை மாத்தறதுன்னா அங்க ஒரு சடங்கு. மொதல்ல மணி அடிக்கணும். ரெண்டு பக்கத்து ஆளுகளும் கோட்டுக்கு அந்தண்டையும் இந்தண்டையும் வரிசையா நிப்பாங்க. காலைத் தலை ஒசரத்துக்குத் தூக்கி டைல்ஸ் அதிர மிதிப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் முறைப்பாங்க. அப்பறம் நோயாளி கழுத்துல கையை வச்சு எதிர்ப் பக்கம் தள்ளுவாங்க. எதிர்ப் பக்கம் வேண்டாம்னா திருப்பித் தள்ளும்.

சூசைமுத்துவை யாருக்கும் வேண்டாம். அய்யனாரு தள்ளுனான். நீலச்சட்டைக்காரன் மூக்குல எட்டிப் பாத்துட்டு, "இதுல பல்லு வாடை அடிக்குது"ன்னு நெஞ்சுல மிதிச்சுத் திருப்பி அனுப்பிச்சான். பச்சைச்சட்டை பிடிச்சு ஒரு சுத்து சுத்தி வீசுச்சு. நீலம் பிடிச்சு வீசுச்சு. ஒரு தடவை ரெண்டு பக்கமும் பிடிக்காம விட்டுட்டாங்க. மஞ்சக் கோட்டு மேலேயே குப்புற விழுந்தான். கோட்டு மேல விழுந்ததுக்கு ரெண்டு பக்கமும் அடிச்சாங்க.

"அடப்பாவிகளா, மாட்டைக்கூட தும்பைப் பிடிச்சு நல்லபடியா கை மாத்துவாங்களேடா!"ன்னு இஞ்ஞாசியம்மா கத்துனா. அவளைப் பாத்து அய்யனாரு, "யம்மா, அமைதியா இருங்க. இது ஆஸ்பத்திரி"ன்னான்.

கடைசியா மூக்குப் பக்கம் ஒரு ஸ்டூல்ல மோதி நின்னான். அதனால அவனை மூக்குத் துறை ஏத்துக்கிட்டதா அர்த்தம்.

டாக்டர் மணிமாறன் ஒல்லி. பேச்சு மெதுவா, மரியாதையா இருக்கும். சூசைமுத்து மூக்குக்குள்ள ஒரு கொழாயை விட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"அய்யா, உங்களுக்குச் சீழ் இருக்கு."

"ஆமாங்க."

"மூக்குல வர்ற சீழ் எங்களோடதுதான். மறுக்கல. ஆனா இது இங்க பொறந்த சீழ் இல்ல. பல்லுல பொறந்து, மேல வந்து குடியேறியிருக்கு. வெளியூர்க்காரனுக்கெல்லாம் எங்க கார்டுல அரிசி போட முடியுமா, சொல்லுங்க? இன்னைக்கு உங்க சீழுக்கு எடம் குடுத்தா, நாளைக்கு முகேஷ்குமாரு ஊருல இருக்கற சீழையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து எங்க மேல ஏத்துவாரு. எனக்கு உங்க மேல பரிதாபமா இருக்கு. அதைத் தினமும் வச்சுக்கறேன். ஆனா கைய வைக்க முடியாது."

"அய்யா, கண்ணுக்கு ஏறிரும்னு சொன்னாக."

"கண்ணு இந்த ஆஸ்பத்திரிலயே இல்லீங்களே. மதுரைக்குப் போகணும்."

இப்படிச் சொல்லிட்டு ஊதாக் கலர் மார்க்கரை எடுத்தாரு. ஆபரேஷனுக்கு முன்னால தோல்ல குறி போடுவாங்களே, அது. சூசைமுத்து எடது கன்னத்துல, மூக்கோரத்துல ஆரம்பிச்சுக் காது வரைக்கும் ஒரு கோடு இழுத்தாரு. "இதுக்கு மேல வீங்குனா எங்ககிட்ட வாங்க. கீழ வீங்குனா அந்தப் பக்கம் போங்க. அழிச்சுடாதீங்க, கேஸ் ஆயிரும்."

மூஞ்சில கோட்டோட அகரம் பஸ்ஸுல ஏறுனான். ஊருக்குள்ள எறங்குனதும் கோயில் உபதேசியார் பாத்துட்டு, "என்னப்பா, எவனும் கத்தியால கிழிச்சுட்டானா?"ன்னாரு. "இல்லீங்க, எல்லை"ன்னான். அவரு சிலுவை போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

மக்கா நாளு கோட்டுக்கு மேலயும் வீங்குச்சு, கீழயும் வீங்குச்சு. மூஞ்சி நடுவுல கயித்தைக் கட்டுன கோணிப்பை மாதிரி ஆயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா, முகேஷ்குமாரு கோட்டைப் பாத்ததும் கொதிச்சுட்டாரு. "எவ்வளவு ஏத்திப் போட்டிருக்கான் பாத்தியா! பாதி வீக்கத்தை நைசா என் பக்கம் தள்ளியிருக்கான்." ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சு, பாத்திரம் வெளக்கறாப்புலப் போட்டுத் தேச்சாரு. வீங்குன கன்னத்துல தேச்சா எப்படி இருக்கும்? சூசைமுத்து கூப்பாடு போட, ரெண்டு பேரு வாயைப் பொத்த, அய்யனாரு கால் மேல ஏறி உக்காந்துக்கிட்டான். புதுக் கோடு ஒதட்டுக்கு மேல ஓடுச்சு. மூக்குத் துறை அதைப் பாத்துட்டு, மறுபடி பிடிச்சுப் படுக்கப்போட்டுத் தேச்சு, கண்ணு எமைக்குக் கீழ ஒரு கோடு. தோலு உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. ரத்தம் எந்தத் துறைன்னு அதுக்கொரு சண்டை.

இஞ்ஞாசியம்மா தாங்க மாட்டாம இயக்குநர் அம்மாகிட்டப் போனா. புவனேஸ்வரின்னு பேரு. மேசையில ரெண்டு கொடி, ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். அந்தம்மா தன்மையாத்தான் பேசுனாங்க.

"பாருங்கம்மா, எங்க ஆஸ்பத்திரில சண்டையே கெடையாது. ஆரோக்கியமான அடிதடி மட்டும்தான். அது இருந்தாத்தான் துறை வளரும். உங்க வீட்டுக்காரர் கேசுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நியாயம் இல்லாதது உங்க வீட்டுக்காரர் பக்கம்தான். அவருக்குப் பல்லு வலின்னா பல்லோட நிறுத்தியிருக்கணும்."

"ஒருத்தரு பல்லைப் பிடுங்கட்டும், ஒருத்தரு மூக்கைக் கழுவட்டும். அம்புட்டுத்தானம்மா வேலை!"

"அது வேலைம்மா. நான் நிர்வாகம் பத்திப் பேசறேன்."

கடைசியில நடுநிலையா ஒரு ஆளை வச்சு அளந்துரலாம்னு முடிவாச்சு. வேடசந்தூர் பக்கமிருந்து ரிட்டயர்டு சர்வேயர் ஒருத்தரைக் கூட்டியாந்தாங்க. வாழ்நாளெல்லாம் வரப்புத் தகராறு அளந்தவரு. வாய் அளந்ததில்ல. ஆனா கூச்சப்படல. சங்கிலியை உள்ள விட்டாரு. சூசைமுத்துக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வந்துச்சு. "நெலம் ஆடுது, பிடிங்க"ன்னாரு. ரெண்டு துறை ஆளுகளும் வாழ்க்கையில மொதத் தடவையா ஒத்துமையா வந்து அவன் தலையை ஆளுக்கொரு காதா பிடிச்சுக்கிட்டாங்க. சர்வேயர் ஒரு கம்பியைப் பல்லுகிட்ட ஊனி, சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுனாரு. எல்லைக்கல்லு நட்டுத்தான் அவருக்குப் பழக்கம். சூசைமுத்து போட்ட சத்தத்துல வாசல்ல நின்ன காக்காயெல்லாம் பறந்துருச்சு.

அளந்து முடிச்சுட்டுத் தீர்ப்பு சொன்னாரு. "பல்லு பட்டா நெலம். மூக்கும் பட்டா நெலம். நடுவுல இருக்கே, இந்தக் காலி எடம், இது ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல. புறம்போக்கு. அதுலயும் ஓடைப் புறம்போக்கு. தண்ணி ஓடுது பாருங்க."

ரெண்டு தலைவரும் கை தட்டுனாங்க. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிக்காததுதான் கொறை. புறம்போக்குல வந்த நோய்க்கு யாரும் பொறுப்பில்ல. சூசைமுத்துவைக் கோட்டு மேலேயே தூக்கிக்கிட்டுப் போயி, வாசலுக்கு வெளிய பைபாஸ் ஓரத்துல போட்டாங்க. கோட்டு மேல நடந்ததுக்கு அன்னைக்கு யாரும் அடிக்கல.

ரோட்டோரம் ஒக்காந்து அவன் எடது கண்ணைத் தொட்டுப் பாத்தான். எமை கனத்துக்கெடந்துச்சு. போற லாரிக்குப் பக்கத்துலயே இன்னொரு லாரி போச்சு. "இஞ்ஞாசி, வண்டியெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுது"ன்னான். அவ சேலை முந்தியில முடிஞ்சிருந்த காசை அவுத்துப் பாத்துட்டு, "எந்திரிங்க, மதுரைக்குப் போயிருவோம்"னா.

பஸ்ஸுக்குக் கை காமிச்சாங்க. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரில இருந்து பச்சைச்சட்டையும் நீலச்சட்டையும் ஓடி வந்து, பஸ்ஸுக்கும் அவங்களுக்கும் நடுவுல விழுந்து அவன் காலைப் பிடிச்சுக்கிட்டாங்க.

என்ன நடந்துச்சுன்னா, அந்த அரை மணி நேரத்துல டிரஸ்ட்டு மேலெடத்துல இருந்து போன் வந்திருக்கு. ஆண்டு விழா. அந்த வருசத்துல எந்தத் துறைகிட்ட அபூர்வமான நோயாளி இருக்கோ, அந்தத் துறைக்கு வெள்ளி வாள், புதுக் கட்டடம். பல்லுல பொறந்து மூக்குல வாழற சீழ் இந்த ஜில்லாவுலயே வேற எவன்கிட்டயும் இல்லன்னு ரெண்டு தலைவருக்கும் ஒரே நேரத்துல ஞானம் வந்துருச்சு.

"எங்க பல்லு!"

"எங்க மூக்கு!"

அய்யனாரு எடது கையைப் பிடிச்சு இழுக்குறான். நீலச்சட்டைக்காரன் வலது கையைப் பிடிச்சு இழுக்குறான். தோள்பட்டை கழண்டுரும் போல இருந்துச்சு. உள்ள கொண்டுபோய் மூக்கு வார்டுல படுக்கப் போட்டாங்க. பட்டப்பகல்ல பல் துறை ஆளுக அழுக்குத்துணி வண்டியோட வந்து, அவனைப் போர்வையோட சுருட்டி உள்ள போட்டுத் தள்ளிக்கிட்டு ஓடுனாங்க. நீலச்சட்டைங்க குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கிட்டு ஈட்டி மாதிரி வெரட்டுனாங்க. வராண்டாவுல ஒரே ரணகளம். ஒருத்தன் மண்டை ஒடஞ்சுச்சு. ஒருத்தனுக்கு ஊசி தொடையில குத்தி அங்கேயே தூங்கிட்டான். ஒரு நர்சம்மா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா பெட்பேன் எடுத்து வீசுனாங்க. இஞ்ஞாசியம்மா கையில கஞ்சி கொண்டாந்த தூக்குவாளி. அதைச் சுத்தி அய்யனாரு காதோட ஒண்ணு விட்டா பாருங்க, மீசைக்காரன் மஞ்சக் கோட்டுல கால் ரெண்டு பக்கமும் கெடக்க மல்லாந்துட்டான். அவனை எந்தப் பக்கமும் தூக்க வரல.

"எங்களை விடுங்கடா! மனுசனுக்குக் கண்ணு போகுதுடா!"

"விழா முடியட்டும்மா"ன்னு இயக்குநர் அம்மா மாடியில நின்னு சொன்னாங்க. "அது வரைக்கும் நோயாளி ஆஸ்பத்திரியோட சொத்து. சொத்தைத் தூக்கிட்டுப் போனா அது திருட்டு." கேட்டைப் பூட்டிட்டாங்க.

அந்தச் சொத்தைக் கோட்டுக்கு மேல கட்டில் போட்டு, ஒரு கையைப் பச்சைத் துணியாலயும் ஒரு கையை நீலத் துணியாலயும் கட்டி வச்சாங்க. மருந்து குடுக்கல. சீழ் கொறஞ்சா அபூர்வம் கொறஞ்சுரும்ல? விழா அன்னைக்கு அவனுக்கு எடது கண்ணு கொய்யாப்பழம் மாதிரி வீங்கி மூடிக்கெடந்துச்சு. காய்ச்சல்ல ஒடம்பு கொதிச்சது. இஞ்ஞாசியம்மா எமையைப் பிரிச்சுப் பாத்து, வெரலைக் காட்டி, "இது தெரியுதாங்க?"ன்னா. "ஏதோ அசையுது"ன்னான். அவ செபமாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் தூக்குவாளியைக் கையில எடுத்துக்கிட்டா. ரெண்டுல எது ஒதவுனாலும் சரி.

காலையில பத்து மணிக்கு மைதானத்துல பந்தல். மேடையில வெள்ளி வாள். தலைமை விருந்தினர் டிரஸ்ட்டுத் தலைவர், கழுத்து நெறயப் பொன்னாடை. அவருக்குக் காது கேக்காது. அதனால எல்லாத்துக்கும் சந்தோசமாத் தலையாட்டுனாரு. இயக்குநர் அம்மா மைக்கைப் பிடிச்சாங்க.

"சிலர் கேக்கறாங்க, நோயாளியை எப்ப குணப்படுத்துவீங்கன்னு. நான் கேக்கறேன், நோயாளியைக் குணப்படுத்திட்டா நம்மகிட்ட என்ன இருக்கும்? கட்டடம் மட்டும்தான் இருக்கும்." பலத்த கைதட்டல். "ரெண்டு துறையோட ஒத்துமையைக் காட்ட, இன்னைக்கு ரெண்டு தலைவரும் ஒரே நேரத்துல நோயாளி மேல கருவியை வைப்பாங்க. வைக்க மட்டும்தான். போட்டோ எடுத்ததும் எடுத்துருவாங்க."

சூசைமுத்துவை மேடையில ஒரு நாற்காலியில உக்கார வச்சுப் பெல்ட்டால இறுக்குனாங்க. முகேஷ்குமாரு மாலையோட வந்து கொறடைக் கடவாப்பல்லுல மாட்டி அழுத்திப் பிடிச்சாரு. மணிமாறன் மாலையோட வந்து மூக்குக்குள்ள கொழாயை விட்டாரு. போட்டோக்காரன், "கொஞ்சம் சிரிங்க"ன்னான். யாரைச் சொன்னான்னு தெரியல. சூசைமுத்தும் முயற்சி பண்ணுனான்.

"முகேஷ், உங்க முழங்கை என் கொழாயை மறைக்குது"ன்னாரு மணிமாறன், மரியாதையா.

"உன் கொழாயே மறைஞ்சாத்தான் போட்டோ நல்லா இருக்கும்."

"எடுங்க கையை."

"எடுக்க முடியாதுய்யா. இது என் பல்லு. நீ வேணா பட்டா வாங்கிட்டு வா."

"உன் பல்லா? அதோட வேரு என் கால்ல மிதிபட்டுக்கிட்டுக் கெடக்கு!"

"உன் அறைக்குத் தரையே என் வேருதாண்டா!"

மணிமாறன் கொழாயை உருவுனாரு. ஒல்லி ஒடம்புல எங்க இருந்து வந்துச்சோ, முகேஷ்குமாரு மூஞ்சிக்கு நேரா ஒரு குத்து. மூக்குத்தண்டு மொறிஞ்ச சத்தம் மைக்குல கேட்டுச்சு. வாட்டசாட்டமான ஆளு மல்லாக்கச் சாஞ்சாரு. ஆனா கொறடை விடல. வாழ்நாளெல்லாம் பிடிச்ச பிடி. அவரு விழ, கொறடும் போக, கொறடோட மூணு வேரு பல்லும் சதையோட பிச்சுக்கிட்டுப் போச்சு.

சூசைமுத்து அடித்தொண்டையில இருந்து அலறுனான். அந்த அலறலோட, இம்புட்டு நாளா மாடியில அடைஞ்சு கெடந்ததெல்லாம் ஓட்டை வழியாக் கொடகொடன்னு கீழ எறங்கி, வாய் வழியாப் பீச்சிக்கிட்டு, நேராத் தலைமை விருந்தினர் பொன்னாடை மேல போயி விழுந்துச்சு. அவரு வழக்கம் போலத் தலையாட்டுனாரு. அப்பறம்தான் வாடை அடிச்சுச்சு.

முகேஷ்குமாரு எந்திரிச்சு, கொறடைத் திருப்பிப் பிடிச்சு மணிமாறன் வாயில ஒரு போடு போட்டாரு. முன்பல்லு நாலும் ரோஜாப்பூ மாலைக்குள்ள போயி விழுந்துச்சு. பச்சையும் நீலமும் மேடையேறுச்சு. நாற்காலி பறந்துச்சு. இயக்குநர் அம்மா, "ஆரோக்கியமா! ஆரோக்கியமா!"ன்னு மைக்குல கத்திக்கிட்டே இருக்க, மைக்கையும் பிடுங்கி ஒருத்தன் மண்டையில அடிச்சாங்க. வெள்ளி வாளை ஒருத்தன் உருவுனான். அது வெறும் பிடிதான், உள்ள அலகு இல்ல. அதையும் வச்சு ஒருத்தன் விலாவுல இடிச்சான்.

இந்தக் கூத்துக்குள்ள இஞ்ஞாசியம்மா குறுக்க வந்தவனையெல்லாம் தூக்குவாளியால வெளுத்து, பெல்ட்டை அவுத்து, புருசனைத் தோள்ல சாச்சுக்கிட்டுப் பந்தலைப் பிரிச்சு வெளிய வந்தா. பந்தலுக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட உக்கார வச்சு, வாயில துணியைக் கடிக்கக் குடுத்தா.

"வலிக்குதா?"

அவன் இல்லன்னு தலையாட்டுனான். பல்லு பிடுங்குன எடம் நெருப்பா எரிஞ்சது. ஆனா கன்னத்துக்குள்ள அம்மிக்குழவி இல்ல. பந்தல்ல கட்டுன மல்லிச்சரம் ஒண்ணு அவ தோள்ல ஒட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. அவன் ஒரு இழுப்பு இழுத்தான். மல்லிப்பூ வாடை அடிச்சது. உக்காந்த எடத்துலயே அழுதான்.

அது வரைக்கும் அந்த ஆஸ்பத்திரில அவனுக்கு முழுசா நடந்த வைத்தியம் அந்த ஒரு குத்துதான்.

விழாவுக்காகத் தொறந்து கெடந்த கேட்டு வழியா, கையோட தாடிக்கொம்புக்குக் கூட்டியாந்து ஜீவிதாகிட்டக் காமிச்சா. அந்தப் பொண்ணு ஊசி போட்டுக் காய்ச்சலை அடக்கி, மாத்திரையும் குடுத்துச்சு. கொஞ்சங்கொஞ்சமா வீக்கம் வடிஞ்சு கண்ணு தொறந்துச்சு. ரெட்டை லாரி ஒத்தை லாரியாச்சு. ஆனா ரசம் குடிச்சா மூக்கு வழியா வந்துச்சு. "பல்லு இருந்த எடத்துல மேலறைக்கு ஓட்டை நிக்குதுண்ணே. தையல் போட்டு மூடணும். முகமண்டலத்துக்கே போவோம், நான் கூட வாரேன். பெரிய டாக்டருங்க ரெண்டு பேரும் இப்ப அங்க வேலை பாக்கற நெலமையில இல்ல"ன்னுச்சு.

போனாங்க. தலைவருங்க இல்லாத நேரத்துல, பல் துறைச் சின்ன டாக்டர் ஒருத்தனும் மூக்குத் துறைச் சின்ன டாக்டர் ஒருத்தியும் ஒரே ரூம்ல நின்னாங்க. அவ மேல கழுவி விட்டா. அவன் கீழ தச்சு விட்டான். நடுவுல மத்தியானத்துக்குப் பிரியாணி எங்க வாங்கறதுன்னு பேசிக்கிட்டாங்க. பிரியாணிப் பேச்சு முடியறதுக்குள்ள தையல் முடிஞ்சிருச்சு. "அம்புட்டுத்தானா?"ன்னா இஞ்ஞாசியம்மா. "அம்புட்டுத்தாம்மா. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, எங்க ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்"னான் அவன்.

வெளிய வந்தா, மூக்குத் துறை வாசல்ல முகேஷ்குமாரு நிக்கிறாரு. மூக்கு சப்பையாகி, மூஞ்சியெல்லாம் கன்னிப்போயி, வாயாலதான் மூச்சு விடுறாரு. நீலச்சட்டைக்காரன் குண்டாந்தடியைக் குறுக்க நீட்டியிருக்கான். "பல் துறை ஆளுக வந்தா உள்ள விடக்கூடாதுன்னு எங்க அய்யா உத்தரவுங்க." எதுத்தாப்புல பல் துறை வாசல்ல மணிமாறன், ஒட்டுன வாயோட, கையில நாலு பல்லைத் துணியில முடிஞ்சு வச்சுக்கிட்டு நிக்கிறாரு. அய்யனாரு கதவுல சாஞ்சு மீசையைத் தடவிக்கிட்டிருக்கான்.

முகேஷ்குமாரு, சூசைமுத்துவைப் பாத்ததும் கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அழுகையா வந்துச்சு அவருக்கு. "சூசைமுத்து, நீயாவது சொல்லுய்யா. விழா முடிஞ்சதுல இருந்து தினமும் வந்து நிக்கிறேன். வலி உயிர் போகுதுய்யா."

சூசைமுத்து அவரை ரெண்டு கண்ணாலயும் நல்லாப் பாத்தான். மூஞ்சிக்குக் கிட்டக்கப் போயி, அவரு எமையைப் பிரிச்சு, பொறுமையா, எடது கண்ணை ஒருக்கா, வலது கண்ணை ஒருக்காப் பாத்தான்.

"கண்ணுக்கு இன்னும் ஏறலையே சார்"ன்னான். "பெறகென்ன அவசரம்?"